வழுவும் வழுவமைதியும்: அந்தமான் கடல்மட்டப் பதிவுகள் கற்பிப்பவை

கணினி மென்பொருளில் நேரும் பிழையைக் குறிக்க ‘வழு’ என்னும் சொல் தமிழில் இன்று நிலைபெற்றுவிட்டது. அச்சொல்லோடு உடன்பிறந்த இன்னொரு சொல் மட்டும் கணினித் துறைக்குள் வந்து சேரவில்லை. இலக்கண நூலார் சொல்வழக்கை வழாநிலை, வழு, வழுவமைதி என மூன்றாக வைத்து நோக்கினர். விதிப்படி அமைந்தது வழாநிலை. விதி தவறியது வழு. விதி தவறினும் தக்க காரணம் பற்றி ஏற்றுக்கொள்ளப்படுவது வழுவமைதி. உவப்பினால் பசுவை ‘அம்மா வந்தாள்’ என்பது திணை தவறிய பேச்சே. ஆயினும் பேசுவோரின் உள்ளம் அறிந்து இலக்கணம் அதனை அமைத்துக்கொள்கிறது.

ஓர் அமைப்பின் நலத்தைத் திரையில் காட்டும் கண்காணிப்பு மென்பொருள்களைப் பயன்படுத்துவோர் அனுப்பும் முறையீடுகள் பெரும்பாலும் ஒரே வகையின. எண் நகராமல் நிற்கிறது. வரைகோடு காரணமின்றித் துள்ளுகிறது. அமைப்பு செயலிழந்தபோதும் திரை பச்சை நிறமே காட்டுகிறது. ஒவ்வொரு முறையீட்டின் முன்னும் மூன்று கேள்விகள் நிற்கின்றன. இது கருவியின் வழுவா? தெரிந்தே வைக்கப்பட்ட வழுவமைதியா? அல்லது கருவி சரியாகவே காட்ட, உலகம்தான் மாறிவிட்டதா? மென்பொருள் தோன்றுவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே இக்கேள்விகளை எழுப்பிய ஊர் ஒன்று உண்டு. அது அந்தமானின் போர்ட் பிளேர். 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்டது. அங்குக் கடல்மட்டத்தைக் கண்காணித்த கருவிகளின் வரலாறு, கருவியை நம்புவது எப்படி, கருவியின் மேல் முறையிடுவது எப்படி என்னும் இரண்டையும் ஒருங்கே கற்பிக்கிறது.

1. உருளையும் கோடும்

இந்திய நில அளவைத் துறை 1870களில் துறைமுகங்களில் ஓதமானிகளை நிறுவத் தொடங்கியது. ஏ. டபிள்யூ. பெயர்டு என்னும் பொறியாளர் அப்பணியை நடத்தினார். போர்ட் பிளேரில் பதிவு 1880இல் தொடங்கியது. கருவியின் அமைப்பு எளியது. கிணறு போன்ற குழாய்க்குள் மிதவை ஒன்று கடல்மட்டத்தோடு ஏறி இறங்கும். அதனோடு இணைந்த எழுதுகோல், கடிகாரத்தால் சுழலும் உருளையின் மேல் சுற்றிய தாளில் கோடு வரையும். குறுக்கே காலம், நெடுக்கே உயரம். இன்றைய கண்காணிப்புத் திரையில் இடமிருந்து வலமாக ஓடும் வரைகோட்டின் மூதாதை அந்தத் தாள்தான்.

கருவிக்கு நோக்கம் கப்பல்களுக்கு உதவுவது. ஓத அட்டவணை வகுக்கவும், கடல்மட்டத்தின் சராசரியைக் கணிக்கவும் நீண்ட காலப் பதிவு தேவைப்பட்டது. சார்லஸ் டார்வினின் மகனான ஜார்ஜ் டார்வின், இந்தியத் துறைமுகப் பதிவுகளின் பகுப்பாய்வு முடிவுகளைப் பெயர்டோடு இணைந்து 1885இல் வெளியிட்டார். நிலநடுக்கத்தையோ ஆழிப்பேரலையையோ கண்காணிக்கும் எண்ணம் அப்போது எவருக்கும் இல்லை.

ஆயினும் 1881 டிசம்பர் 31 அன்று காலை கார் நிக்கோபார் அருகே பெரும் நிலநடுக்கம் நேர்ந்தது. அன்று எழுந்த அலைகளை வங்கக் கடலைச் சுற்றியிருந்த எட்டு ஓதமானிகள் பதிவு செய்தன. அலைமுகட்டின் மிகுந்த உயரம் 0.8 மீட்டர் அளவே. கரையில் நின்றவர் பலருக்கு அது கண்ணிற்பட்டிருக்கவும் வழியில்லை. தாளில் மட்டும், ஓதத்தின் மென்மையான வளைவின்மேல் நடுங்கும் கைபோல் சிறு பற்கள் விழுந்தன. ஓதத்தைப் பதிவதற்கென்று அமைந்த கருவிக்கு அது ஒரு ‘துள்ளல்’. இன்றைய மென்பொருள் அதனைப் பிழையெனக் கருதி நீக்கிவிடவும் கூடும். அன்று பொறுப்பில் இருந்த ரோஜர்ஸ் என்னும் அதிகாரி அதனை நீக்கவில்லை. நிலையங்களின் பதிவுகளைத் திரட்டி 1883இல் குறிப்பு எழுதினார். அடுத்த ஆண்டு நிலவியலாளர் ஆர். டி. ஓல்டம் அவற்றை ஆராய்ந்து எழுதினார். பிற்காலத்தில் பூமிக்கு உட்கரு உண்டு என்பதற்கு நிலநடுக்க அலைகளால் சான்று காட்டியவர் இவரே. 2003இல் ஓர்ட்டிஸ், பில்லம் என்னும் இரு ஆய்வாளர்கள் அந்தப் பழைய பதிவுகளைக் கொண்டே 1881 நிலநடுக்கத்தின் அளவை 7.9 எனவும், பிளவின் இடம் கார் நிக்கோபாரின் அடியில் எனவும் கணித்தனர். 122 ஆண்டுகளுக்கு முன் நீக்கப்படாமல் விடப்பட்ட ஒரு துள்ளல் அவ்வாறு சான்றாயிற்று.

2. காலவழு

அத்தகைய கணிப்புக்கு உயரத்தைவிடக் காலம் முதன்மையானது. மூவாயிரம் மீட்டர் ஆழமுள்ள கடலில் ஆழிப்பேரலை மணிக்கு ஏறத்தாழ 600 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும். ஆகவே உருளையைச் சுழற்றும் கடிகாரம் பத்து நிமிடம் பிசகினால், அலை பிறந்த இடம் நூறு கிலோமீட்டர் தள்ளிப்போகும்.

இந்தியச் சீர்நேரம் நடைமுறைக்கு வந்தது 1906இல்தான். அதற்கு முன் ஒவ்வோர் ஊரும் தன் கதிரவனைப் பார்த்தே மணி சொன்னது. போர்ட் பிளேரின் உள்ளூர் நேரம் சென்னையின் நேரத்தைவிட ஏறத்தாழ 50 நிமிடம் முந்தியது. தலைநிலத்தோடு தீவுகளுக்குத் தந்தித் தொடர்பும் இல்லை. கம்பியில்லாத் தந்தி வந்தது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். சென்னையில் உள்ளவர் தந்திவழி நேரம் சரிபார்த்துக்கொள்ளலாம். தீவில் உள்ளவர் வானத்தைத்தான் பார்க்க வேண்டும்.

எனவே ஓதமானியின் உண்மை, கருவிக்குள் மட்டும் இருக்கவில்லை. நிலையத்தில் பணியாற்றிய கணக்கர் கடிகாரத்தை ஒப்பிட வேண்டும். எழுதுகோல் காட்டும் உயரத்தைக் கடலில் நட்ட அளவுகோலோடு ஒப்பிட வேண்டும். வேறுபாட்டைக் குறித்துவைக்க வேண்டும். கோட்டைக் கருவி எழுதியது. அக்கோட்டுக்குப் பொருள் தந்தவை மனிதரின் ஒப்பீட்டுக் குறிப்புகள். இன்றைய சொல்லில், காட்சிப் பிழையைப் பயனர் நாள்தோறும் தெரிவிக்கும் கடமை கருவியின் இயக்கத்திலேயே அமைந்திருந்தது. அப்பணியைச் செய்தவர்களின் பெயர்கள் ஆய்வுக் கட்டுரைகளில் இடம்பெறுவதில்லை. இலக்கணத்தில் காலவழு ஒரு சொல்லை மட்டும் கெடுக்கும். கருவியில் அது ஒரு நிலநடுக்கத்தையே இடம்பெயர்த்துவிடும்.

1883 ஆகஸ்ட் 27 அன்று கிரகட்டோவா எரிமலை வெடித்தபோது போர்ட் பிளேர் ஓதமானி மீண்டும் அலைகளைப் பதிந்தது. தீவில் இருந்தவர் காதுகளுக்குத் தொலைவில் பீரங்கி முழங்கும் ஒலியும் எட்டியது. காது கேட்டது சரியே. கேட்டதற்குத் தந்த பொருள்தான் பிழை. லண்டன் ராயல் சொசைட்டி அமைத்த குழு செய்தித்தாள்கள் வழியாக உலகெங்கிலுமிருந்து தகவல் கோரி, கருவிகளின் பதிவுகளையும் மனிதர் கண்டு கேட்டவற்றையும் ஒருசேரத் தொகுத்து 1888இல் வெளியிட்டது. கருவி காட்டுவதும் மனிதர் சொல்வதும் ஒன்றையொன்று திருத்தும் என்னும் நெறிக்கு அத்தொகுப்பு ஒரு நல்ல முன்மாதிரி.

3. பதினொன்றாம் எண்

இங்கே தமிழ்நாட்டவர் நன்கறிந்த ஒரு காட்சி அமைப்பை நினைவுகூர்வது பொருந்தும். புயற்காலத்தில் நாகப்பட்டினம், கடலூர், பாம்பன் துறைமுகங்களில் ‘ஒன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது’ என்னும் செய்தியைக் கேட்டு வளராத தமிழர் குறைவு. 1864இல் கல்கத்தாவைப் பெரும் புயல் தாக்கிய பின், 1865இல் அத்துறைமுகத்துக்கு எச்சரிக்கை முறை வகுக்கப்பட்டது. அதன் வழிவந்த முறையே இந்தியத் துறைமுகங்களில் இன்று வழங்கும் கூண்டுகள். பகலில் வடிவங்களும் இரவில் விளக்குகளும் எண்ணைக் குறிக்கும்.

ஒன்று முதல் பத்து வரையான எண்கள் காற்றையும் புயலையும் பேசுகின்றன. பதினொன்று புயலைப் பேசுவதில்லை. வானிலை எச்சரிக்கை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது, மோசமான வானிலைக்கு வாய்ப்பு உண்டென உள்ளூர் அலுவலர் கருதுகிறார் என்பதே அதன் பொருள். கண்காணிக்கும் அமைப்பு தன் குருட்டுத்தன்மையைத் தானே அறிவிக்கும் குறி அது.

இதன் அருமையை இன்றைய மென்பொருள் வடிவமைப்பாளர் எளிதில் உணர்வர். தகவல் வராதபோது திரை என்ன காட்ட வேண்டும்? கடைசியாக வந்த எண்ணையே காட்டிக்கொண்டிருந்தால் பார்ப்பவர் எல்லாம் நலம் எனக் கொள்வார். சுழியம் காட்டினால் அளவு சுழியம் என்றே படிப்பார். ‘ஒன்றும் நிகழவில்லை’ என்பதும் ‘ஒன்றும் தெரியவில்லை’ என்பதும் இருவேறு செய்திகள். இரண்டையும் ஒரே வெறுமையாகக் காட்டுவதே காட்சி வழுக்களுள் மிகக் கொடியது. துறைமுகக் கூண்டை வகுத்தவர்கள் அதனைத் தவிர்த்தார்கள். 2004இல் இந்தியப் பெருங்கடலுக்கு அத்தகைய பதினொன்றாம் எண் இல்லை.

4. விடைவழு

2004 டிசம்பர் 26, இந்திய நேரம் காலை 6.29 மணி அளவில் சுமத்திராவின் வடமேற்கே நிலம் பிளந்தது. பிளவு வடக்கு நோக்கி நிக்கோபார், அந்தமான் அடியில் ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் ஓடியது. ஹவாயில் உள்ள பசிபிக் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையத்தின் முதல் அறிவிக்கை 6.44க்கு வெளியானது. அதில் நிலநடுக்க அளவு 8.0, பசிபிக் கரைகளுக்கு ஆபத்து இல்லை என்பது அதன் முடிவு. 7.34க்கு வந்த இரண்டாம் அறிவிக்கை அளவை 8.5 என உயர்த்தியது. உண்மை அளவு 9.1க்கும் குறையாதது எனப் பின்னாளில் கணிக்கப்பட்டது.

இங்கு இரு வழுக்கள் ஒன்றுசேர்ந்தன. முதலாவது, அளவின் வழு. விரைந்து கணிக்கும் முறை முதலில் வந்துசேரும் அலைகளை மட்டுமே எடுத்துக்கொள்கிறது. பத்து நிமிட அளவு நீண்ட பிளவை அதன் தொடக்கத்தைக் கொண்டு அளந்தால் எண் சிறுத்தே வரும். இரண்டாவது, இலக்கணத்தார் சொல்லும் விடைவழு. ஊருக்கு வழி கேட்டவனுக்குத் தன் பசுவின் கன்றைப் பற்றி மறுமொழி சொல்வதை உரையாசிரியர்கள் இதற்கு எடுத்துக்காட்டுவர். அந்தக் காலையில் வங்கக் கடலோரத்தார் அறிய வேண்டியது தம் கரையைப் பற்றி. அறிவிக்கையோ பசிபிக்கைப் பற்றிப் பேசியது. அதன் ஒவ்வொரு சொல்லும் மெய். வேண்டிய வினாவுக்கு மட்டும் அதில் விடை இல்லை. அம்மையத்தின் பணி எல்லை பசிபிக் என்பதால் அது அவர்களின் கடமைத் தவறும் அன்று. இந்தியப் பெருங்கடலைப் பார்க்கும் திரையே அப்போது இல்லை என்பதுதான் குறை. அலை எழுந்த செய்தியை அம்மையத்தினர் முதலில் அறிந்தது இணையத்தில் வந்த இழப்புச் செய்திகளைக் கண்டு.

இந்தியத் துறைமுகங்களில் ஓதமானிகள் இருந்தன. அவற்றின் பதிவை உடனுக்குடன் எச்சரிக்கையாக மாற்றும் ஏற்பாடு இல்லை. மனிதர் வாயிலாக ஒரு செய்தி வரவே செய்தது. கார் நிக்கோபார் விமானப்படைத் தளத்திலிருந்து, தீவெங்கும் நீர் சூழ்ந்து தீவு மூழ்குகிறது என்னும் பொருளில் கடைசித் தகவல் காலை எட்டு மணிக்கு முன்பே வந்ததென அன்றைய விமானப்படைத் தலைமைத் தளபதி பின்னர்ச் செய்தியாளரிடம் கூறினார். அதன்பின் தொடர்பு அறுந்தது. சென்னைக் கரையை அலை அடைய அப்போது ஏறத்தாழ ஒரு மணி நேரம் இருந்தது. வானிலைத் துறையிலிருந்து சென்ற தொலைநகல் ஒன்று, அப்போது பதவியில் இல்லாத முன்னாள் அமைச்சரின் முகவரிக்குப் போனதையும் செய்தித்தாள்கள் வெளிப்படுத்தின. களத்தில் இருப்பவன் ‘திரை காட்டாததை நான் காண்கிறேன்’ எனச் சொல்லும் முறையீட்டுக்கு ஒரு வழி வேண்டும். அவ்வழி அன்று மெரினாவிலும் நாகப்பட்டினத்திலும் நின்றவர் வரை நீளவில்லை. அந்தமான் நிக்கோபாரில் மட்டும் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர் அல்லது காணாமற்போயினர்.

நான்கு நாள் கழித்து, டிசம்பர் 30 அன்று, நேர்மாறான பிழை நேர்ந்தது. வெளிநாட்டுத் தனியார் நிறுவனம் ஒன்றின் ஊகத்தை அடிப்படையாகக் கொண்டு உள்துறை அமைச்சகம் எச்சரிக்கை விடுத்தது, தமிழகக் கடலோரம் முழுவதும் மக்கள் ஓடினர், அலை வரவில்லை. பேச வேண்டிய நேரத்தில் மௌனம், பேசக் கூடாத நேரத்தில் கூச்சல். ஒரு வாரத்துக்குள் இரண்டையும் கண்ட மக்கள் அடுத்த எச்சரிக்கையை எவ்வாறு நம்புவர் என்பதே அதற்குப்பின் வந்த எல்லா வடிவமைப்புக்கும் அடிப்படைக் கேள்வியானது.

5. இடவழு

பேரலை அடங்கியபின் போர்ட் பிளேரில் கடல், பழைய அளவுக்கு மேல் ஏறத்தாழ ஒரு மீட்டர் உயர்ந்து நின்றது. ஓதத்தின் போது படகுத் துறைகளும் தாழ்ந்த வயல்களும் நீரில் அமிழ்ந்தன. திரையில் பார்ப்பவருக்கு இது கருவியின் சுழியக்கோடு நழுவிய பிழைபோல் தோன்றும். உண்மையில் கருவி பிசகவில்லை. கருவி நின்ற நிலமே ஒரு மீட்டர் அளவு தாழ்ந்துவிட்டது. இந்தியாவின் தென்கோடியான இந்திரா முனை நான்கு மீட்டருக்கும் மேல் தாழ்ந்தது. அங்குள்ள கலங்கரை விளக்கின் அடிப்பகுதி கடலுக்குள் ஆனது. வட அந்தமானின் மேற்குப் பகுதிகளில் மாறாக நிலம் உயர்ந்து பவளப்பாறைகள் வெயிலில் காய்ந்தன.

இலக்கணத்தில் இடம் என்பது தன்மை, முன்னிலை, படர்க்கை. பேசுபவன் எங்கிருந்து பேசுகிறான் என்பது. சொல்லை இரவல் பெற்றால், ஓதமானியும் எப்போதும் தன்மையிலேயே பேசுகிறது எனலாம். ‘என்னிலிருந்து கடல் இத்தனை உயரம்’ என்பதற்கு மேல் அதற்குச் சொல்லத் தெரியாது. கடல் ஏறியதா, தான் இறங்கியதா என அதனால் பிரித்தறிய இயலாது. அதனால்தான் இன்று ஓதமானிக்கு அருகே செயற்கைக்கோள்வழி இடங்காணும் கருவியையும் நிறுவி நிலத்தின் அசைவைத் தனியே அளக்கின்றனர். போர்ட் பிளேர் நிலம் அன்று எப்போது தாழத் தொடங்கியது, எவ்வளவு மெதுவாகத் தாழ்ந்தது என்பதும் ஆய்வாளரிடையே விவாதமானது. அவ்விவாதம் பெரிதும் ஓதமானிப் பதிவின் நேரத்தை எவ்வளவு நம்பலாம் என்பதைச் சுற்றியே நடந்தது. 1881இன் காலவழு 2004இலும் வந்து நின்றது.

6. அமைத்துக்கொண்ட பிழை

ஹைதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையத்தில் 2007 அக்டோபரில் ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையம் செயற்படத் தொடங்கியது. நில அதிர்வு நிலையங்கள், ஆழ்கடல் அழுத்தமானிகள், ஓதமானிகள் ஆகியவற்றின் தகவல் அங்கு ஒரே திரையில் வந்து சேர்கிறது. முன்கூட்டியே கணித்துவைத்த ஏராளமான மாதிரிகளிலிருந்து, நேர்ந்த நிலநடுக்கத்துக்கு ஒத்ததை மென்பொருள் தேடி எடுக்கிறது. கரையைப் பல மண்டலங்களாகப் பிரித்து, எதிர்பார்க்கும் அலையுயரத்துக்கு ஏற்ப ஒவ்வொன்றுக்கும் நிறம் தருகிறது. சிவப்பு என்றால் மக்கள் வெளியேற வேண்டும். செம்மஞ்சள் என்றால் கடற்கரையை விட்டு விலக வேண்டும். மஞ்சள் என்றால் அலுவலர் மட்டும் விழித்திருந்தால் போதும்.

இம்முறையில் அந்தமானுக்கே உரிய ஒரு விதி உண்டு. அலை ஒரு மணி நேரத்துக்குள் சென்றடையும் கரைகளுக்கு, கடல்மட்டக் கருவிகள் அலையை உறுதிசெய்யும்வரை காத்திருப்பதில்லை. நிலநடுக்கத் தகவலை மட்டும் கொண்டே எச்சரிக்கை விடுக்கப்படும். சென்னைக்குக் காத்திருந்து சொல்ல நேரம் உண்டு, நிக்கோபாருக்கு இல்லை. இதனால் நிக்கோபாருக்கு வரும் எச்சரிக்கைகளுள் சில, அலை வராமலே முடியும். 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்திராவுக்கு மேற்கே 8.6 அளவில் நிலநடுக்கம் நேர்ந்தபோது, சில நிமிடங்களில் முதல் அறிவிக்கை வந்தது. இந்திரா முனையும் கார் நிக்கோபாரும் உட்பட்ட நிக்கோபார் மண்டலங்கள் சிவப்பில் இருந்தன. தமிழகக் கரை அதற்குக் குறைந்த நிலையிலேயே இருந்தது. நிலம் மேல்கீழாக நகராமல் பக்கவாட்டில் நழுவியதால் பேரலை எழவில்லை. சில மணி நேரத்தில் எச்சரிக்கை விலக்கப்பட்டது.

மேட்டுக்கு ஓடித் திரும்பிய ஒருவர் ‘அமைப்பு பொய் சொல்லிற்று’ என முறையிட்டால் அது நியாயமான முறையீடே. ஆயினும் அதற்குரிய விடை, இது வழு அன்று, வழுவமைதி என்பது. தவறாக ஓடிய பத்து முறையின் செலவைவிட ஓடாமல் நின்ற ஒரு முறையின் இழப்பு பெரிது எனத் தெரிந்தே வைத்த விதி இது. இலக்கணம் வழுவமைதியை ஏற்கும்போது காரணத்தையும் உடன் சொல்கிறது. காரணம் சொல்லப்படாத வழுவமைதி, கேட்பவருக்கு வழுவாகவே நிற்கும். ஆகவே சிவப்பு நிறத்தை அனுப்பும் கடமையோடு, அந்நிறம் ஏன் சிலபோது பொய்க்கும் என்பதை அமைதியான நாளிலேயே விளக்கும் கடமையும் இணைந்தது.

7. ஒத்திகையும் வினாத்தாளும்

இந்தியப் பெருங்கடல் நாடுகள் 2009 முதல் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கூட்டு ஒத்திகை நடத்துகின்றன. 2011 அக்டோபர் 12 அன்று நடந்த ஒத்திகைக்குப் பின் இந்தியா, ஆஸ்திரேலியா, இந்தோனேசியா ஆகிய மூன்று நாடுகளின் மையங்களும் இப்பெருங்கடலுக்கான அறிவிக்கைப் பொறுப்பைப் படிப்படியாக ஏற்றன. ஒத்திகை முடிந்தபின் பங்கேற்ற நாடுகள் வினாத்தாள் ஒன்றை நிரப்புகின்றன. அறிவிக்கை வந்ததா, எவ்வழியில், எத்தனை நிமிடத்தில், புரிந்ததா, அடுத்த நிலைக்குச் சென்றதா என்பன போன்றவை அங்கு ஆராயப்படுகின்றன. 1881இன் கணக்கர் கடிகாரத்தை ஒப்பிட்டு எழுதிய குறிப்பின் மரபில் வந்தவையே இவ்வினாத்தாள்கள்.

முறையீடு செல்லக் கம்பியும் வேண்டும். சென்னையையும் அந்தமான் நிக்கோபாரையும் இணைக்கும் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் கடலடி ஒளியிழை வடம் 2020 ஆகஸ்ட் 10 அன்றுதான் தொடங்கிவைக்கப்பட்டது. கார் நிக்கோபாரும் கமோர்ட்டாவும் கிரேட் நிக்கோபாரும் அதில் இணைந்துள்ளன. அதுவரை தீவுகளின் இணையத் தொடர்பு செயற்கைக்கோளை நம்பியிருந்தது. 2004இல் இடையில் அறுந்த குரலுக்கு ஒரு பாதை பதினாறு ஆண்டுகளில் கிடைத்தது. அப்பாதையின் மறுமுனையில் கேட்கும் காது உண்டா என்பதை ஒவ்வோர் ஒத்திகையும் புதிதாக நிறுவ வேண்டும்.

8. மரபுவழு

கடைசி வழு மொழியில் இருக்கிறது. ஹைதராபாத் திரையில் மூன்று நிறத்துக்கும் மூன்று தனிச் சொற்கள் உண்டு. தமிழ் அன்றாட வழக்கில் இம்மூன்றும் பெரும்பாலும் ‘எச்சரிக்கை’ என்னும் ஒற்றைச் சொல்லாகவே வந்து சேர்கின்றன. ‘சுனாமி எச்சரிக்கை’ எனக் கேட்பவர், ஊரை விட்டு ஓடுவதா, கரையை விட்டு விலகுவதா, வீட்டில் இருப்பதா என்பதை அச்சொல்லிலிருந்து அறிய இயலாது. திரையில் மூன்றாகப் பிரிந்து நின்றது மொழியில் ஒன்றாகக் கலந்துவிடுகிறது. 2011 கணக்கெடுப்பின்படி அந்தமான் நிக்கோபார் மக்களில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். அங்கு வங்காளமும் இந்தியும் தெலுங்கும் நிக்கோபாரியும் பேசப்படுகின்றன. ஒவ்வொரு மொழியிலும் இந்தக் கலப்பு எவ்வாறு நேர்கிறது என்பது மொழியியல் மாணவர்கள் மேற்கொள்ளத்தக்க ஆய்வு. கைப்பேசிகளுக்கு ஒரே நேரத்தில் எச்சரிக்கை அனுப்பும் முறை 2023இல் தமிழ்நாட்டிலும் சோதிக்கப்பட்டது. தமிழ் வாசகமும் அதில் வந்தது. சோதனை, ஒலி எழுந்ததா என்பதோடு நின்றுவிடக் கூடாது. படித்தவர் என்ன செய்திருப்பார் என்பதையும் கேட்க வேண்டும்.

நிக்கோபாருக்குத் தெற்கே, சுமத்திராவின் கரையோரம் சிமியுலு என்னும் தீவு உள்ளது. 1907இல் அங்குப் பேரலை பலரைக் கொண்டுபோன பின், ‘ஸ்மாங்’ என்னும் சொல் கதையாகவும் பாட்டாகவும் தலைமுறை கடந்து வந்தது. பெருநடுக்கம் வந்து கடல் பின்வாங்கினால் மேட்டுக்கு ஓடு என்னும் முழுப்பொருளும் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கியிருந்தது. 2004இல் நிலநடுக்க மையத்துக்கு மிக அருகில் இருந்தும், ஏறத்தாழ 78,000 பேர் வாழ்ந்த அத்தீவில் அலைக்கு இறந்தோர் ஏழு பேர் எனப் பதிவாகியுள்ளது. தமிழிலும் ‘கடற்கோள்’ என்னும் பழஞ்சொல் உண்டு. அது இழந்த நிலத்தின் நினைவாக உரைகளில் வாழ்ந்தது. செய்ய வேண்டிய செயலோடு பிணைந்து வாழவில்லை. ஆகவே 2004இல் ஜப்பானியச் சொல் ஒன்று வந்து அவ்விடத்தை நிரப்பிற்று.

கடல்மட்ட நிலையங்களின் பதிவுகளை இன்று எவரும் இணையத்தில் காணலாம். யுனெஸ்கோவின் கடலியல் ஆணையத்துக்காக இயங்கும் பொதுத் திரையில் உலகின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிலையங்கள் உள்ளன. அங்குக் காட்டப்படும் எண்கள் தரம் சரிபார்க்கப்படாத மூலப்பதிவுகள் என்னும் அறிவிப்பும் உடன் உள்ளது. தகவல் எத்தனை நேரமாக வரவில்லை என்பதையும் அது மறைப்பதில்லை. பழைய துறைமுகத்தின் பதினொன்றாம் எண் அவ்வாறு புதிய திரையிலும் ஏறியிருக்கிறது. தெரியாததைத் தெரியாது எனக் காட்டும் திரையும், அத்திரை தவறும்போது தவறு எனச் சொல்லும் மனிதரும், அவர் சொல்வதைக் கேட்டுத் திருத்தும் அமைப்பும் சேர்ந்ததே கண்காணிப்பு. இம்மூன்றில் ஒன்று குறைந்தால் என்ன நேரும் என்பதற்கு, இந்திரா முனையில் நீருக்குள் கால் புதைத்து நிற்கும் கலங்கரை விளக்கு சான்று.